மில்லிமீட்டருக்குக் காவல்

கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்தாயிற்று. அந்த இடத்தில் டைட்டானியத் திருகு ஒன்றை எலும்புக்குள் பதித்து, அதன் தலையில் செயற்கைப் பல்லைப் பொருத்த வேண்டும். இதைத்தான் டென்டல் இம்பிளான்ட் என்கிறோம். ஸ்கேனில் பார்த்தால் ஈறுக்குக் கீழே 13 மி.மீ. உயரத்துக்கு எலும்பு இருக்கிறது. அதற்கு அடியில், எலும்புக்கு உள்ளேயே ஒரு குழாய் ஓடுகிறது. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பின் பாதை அது. நரம்புக்கு மேல் 2 மி.மீ. எலும்பையாவது தொடாமல் விட வேண்டும் என்பது விதி. பக்கத்துப் பல்லின் வேரிலிருந்து ஒன்றரை மி.மீ. விலகி நிற்க வேண்டும் என்பது இன்னொரு விதி. டிரில்லின் கூர்நுனியோ, அதன்மேல் கோடு போட்டுக் காட்டிய ஆழத்தைவிட ஒரு மி.மீ. வரை கூடுதலாக உள்ளே போகக்கூடியது. உயரத்திலிருந்து அந்த 2 மி.மீ.யையும் இந்த ஒரு மி.மீ.யையும் கழித்தால் 10 மி.மீ. நீளத் திருகுக்குத்தான் இடம் மிஞ்சும்.

இந்தக் கணக்கு ஓரிரு மி.மீ. பிசகினால் நரம்பு அடிபடும். கீழுதடு மாதக்கணக்கில் மரத்துப்போகலாம். சிலருக்கு உணர்ச்சி திரும்பாமலே போகும். குடிக்கும் காபி உதட்டோரம் வழிவது தெரியாது. சவரம் செய்யும்போது பிளேடு கீறியதும் தெரியாது. மேல்தாடையில் வேறு ஆபத்து: மேலே சைனஸ் என்னும் காற்றறை, முன்பற்களுக்கு வெளிப்பக்கம் பெரும்பாலோருக்கு ஒரு மி.மீ.கூட இல்லாத மெல்லிய எலும்புத் தகடு. கீழ்த்தாடையில் நாக்குப் பக்கத்துச் சுவரை டிரில் துளைத்துவிட்டால், அங்குள்ள ரத்தக்குழாய் அறுந்து வாயின் தளம் வீங்கி மூச்சுப்பாதையையே அடைக்கலாம். இது அரிது. ஆனால் நடந்திருக்கிறது, மருத்துவ இதழ்களில் பதிவாகியும் இருக்கிறது.

இவ்வளவு குறுகலான இடத்தில்தான் இப்போது ரோபோ கை நீட்டியிருக்கிறது. மருத்துவரின் கையை அது எந்த அளவுக்குக் காக்கிறது, எங்கே அதன் எல்லை முடிகிறது என்பதை நோயாளிகளாகிய நாம் தெரிந்துகொள்வது அவசியம்.

நகராத பல்

இயற்கைப் பல்லின் வேர் எலும்போடு நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு ஒன்று பல்லைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. கம்பி கட்டினால் கோணல் பல் நேராவதற்கு இந்தத் திசுதான் காரணம். அழுத்தம் விழும் பக்கம் எலும்பு கரையும், எதிர்ப் பக்கம் புது எலும்பு வளரும், பல் மெல்ல இடம் மாறும்.

இம்பிளான்டுக்கு அந்தத் திசு கிடையாது. அது எலும்போடு எலும்பாக ஒட்டிவிடுகிறது. இந்த ஒட்டுதலைக் கண்டவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவ ஆய்வாளர் பெர்-இங்வார் பிரானமார்க். 1950களில் எலும்புக்குள் ரத்த ஓட்டம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தாலான சிறு கருவி ஒன்றை அவர் பொருத்தினார். ஆய்வு முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு டைட்டானியத்தை இறுகப் பற்றியிருந்தது. தான் தேடாத ஒன்று கிடைத்ததை அவர் கைவிடவில்லை. பல ஆண்டு விலங்கு ஆய்வுகளுக்குப் பிறகு 1965ல் கோதன்பர்க் நகரில், பிறவியிலேயே தாடைக் குறைபாடுள்ள ஒருவரின் கீழ்த்தாடையில் டைட்டானிய இம்பிளான்டுகளைப் பதித்தார். அவை 2006ல் அந்த மனிதர் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், பயன்பட்டன. பிரானமார்க்கின் முறையை உலகின் மற்றப் பல் மருத்துவர்கள் ஏற்கவே பல காலம் ஆனது. 1982ல் டொரான்டோவில் நடந்த மாநாடுதான் வட அமெரிக்காவின் கதவைத் திறந்தது.

எலும்போடு ஒட்டிவிடும் இந்தக் குணம்தான் இம்பிளான்டின் பலம். அதற்கு ஒரு விலையும் உண்டு. சாய்த்து வைத்துவிட்டால் கம்பி கட்டி நிமிர்த்த முடியாது. ஆழம் தவறினால் இழுத்துச் சரிசெய்ய முடியாது. வைத்த இடம் வைத்த இடம்தான். முன்பல் இடத்தில் அரை மி.மீ. வெளியே தள்ளி வைத்தால், சில ஆண்டுகளில் ஈறு இறங்கி உலோகம் சாம்பல் நிறத்தில் தெரியத் தொடங்கலாம். கடைவாயில் கோணலாக வைத்தால், கடிக்கும் விசை திருகின் ஒரு பக்கமே விழும். இடுக்கில் பிரஷ் நுழையாது, அழுக்குச் சேரும், ஈறு பழுக்கும், சுற்றியுள்ள எலும்பு கரையும். பத்தாண்டு கழித்து வரும் தொல்லைக்கான விதை, பதித்த அந்த அரைமணி நேரத்தில் விழுந்திருக்கும்.

கை எங்கே தவறுகிறது

கதவுச் சட்டத்தில் துளையிடும் தச்சர் மரத்தைத் திருப்பிப் பார்க்கலாம், சற்றுத் தள்ளி நின்று நேர்க்கோட்டைச் சரிபார்க்கலாம். பல் மருத்துவருக்கு அந்த வசதி எதுவும் இல்லை. நோயாளியால் வாயை ஓரளவுக்குத்தான் திறக்க முடியும். கன்னம் மறைக்கும், நாக்கு இடிக்கும், எச்சிலும் ரத்தமும் தேங்கும். கடைவாய்ப் பக்கம் என்றால் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை நம்பியே வேலை செய்ய வேண்டும்.

எலும்பும் சீரானதில்லை. வெளித்தோடு கெட்டி, உள்ளே பஞ்சுபோல் இடைவெளிகள். கெட்டியான பகுதியில் நுனி பட்டால், டிரில் தானாகவே மென்மையான பக்கம் சரியப் பார்க்கும். பல் பிடுங்கிய குழியின் சாய்ந்த சுவரில் தொடங்கும்போது இந்தச் சறுக்கல் அதிகம். முதலில் 2 மி.மீ. தடிமனுள்ள டிரில்லால் வழி போட்டு, பிறகு படிப்படியாக அகலப்படுத்துவார்கள். முதல் துளை சாய்ந்தால் அடுத்தடுத்த டிரில்களும் அதே வழியில்தான் போகும்.

கோணம் செய்யும் வேலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 மி.மீ. நீளமுள்ள இம்பிளான்ட், திட்டமிட்ட திசையிலிருந்து 7 டிகிரி சாய்கிறது என்று வைப்போம். மேலே தொடங்கிய இடம் மிகச் சரியாக இருந்தாலும், அடிநுனி கிட்டத்தட்ட ஒன்றரை மி.மீ. விலகியிருக்கும். சாய்வு 2 டிகிரிதான் என்றால் விலகல் 0.4 மி.மீ. அளவில் நிற்கும். அடுத்த பல்லின் வேருக்கு விட்டிருக்கும் இடைவெளியே ஒன்றரை மி.மீ. என்பதை நினைத்தால், இந்த 5 டிகிரி வித்தியாசத்தின் மதிப்புப் புரியும். கைத்திறனை மட்டும் நம்பிப் பதிக்கும்போது 7 டிகிரி சாய்வு அபூர்வம் அல்ல. ஆய்வுகளில் சராசரியாகவே அந்த அளவு பதிவாகியிருக்கிறது.

ரோபோவுக்கு முன்னால் வந்த துணைகள்

1990களின் இறுதியில் இத்தாலியில் உருவான கோன் பீம் சி.டி. ஸ்கேன் பல் மருத்துவத்தை மாற்றியது. தாடை எலும்பின் முப்பரிமாணப் படம், குறைந்த கதிர்வீச்சில், பல் மருத்துவமனையிலேயே கிடைத்தது. கம்ப்யூட்டரில் அந்தப் படத்தின்மேல் இம்பிளான்டை வைத்துப் பார்க்கலாம். நரம்புக்கு எத்தனை மி.மீ. என்று அளக்கலாம். ஆனால் திரையில் போட்ட திட்டத்தை வாய்க்குள் கொண்டுபோவது எப்படி?

முதல் விடை, வழிகாட்டித் தகடு. நோயாளியின் பற்கள்மேல் சரியாக உட்காரும் பிளாஸ்டிக் தகடு ஒன்றை முப்பரிமாண அச்சில் செய்வார்கள். அதில் உள்ள உலோக வளையத்துக்குள் டிரில்லை விட்டால் திட்டமிட்ட திசையில்தான் போகும். 2018ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, இப்படிப் பதித்த 2,238 இம்பிளான்டுகளைப் பார்த்தது. தொடக்கப் புள்ளியில் சராசரியாக 1.2 மி.மீ., அடிநுனியில் 1.4 மி.மீ., கோணத்தில் 3.5 டிகிரி விலகல் இருந்தது. வெறும் கையைவிட இது நல்ல முன்னேற்றம். ஆனால் வளையத்துக்கு இடம் கொடுக்க நீளமான டிரில் வேண்டும்; வாய் அதிகம் திறக்காதவருக்குக் கடைவாயில் அது நுழையாது. தகடு மூடியிருப்பதால் குளிர்விக்கும் உப்புநீர் எலும்பைச் சரியாக எட்டாது. இது சாதாரண விஷயம் அல்ல. எலும்பின் வெப்பம் 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் நின்றாலே எலும்புத் திசு கெடும் என்று 1983ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அறுவையின் நடுவே திட்டத்தை மாற்ற நேர்ந்தால் தகடு பயனற்றுப் போகும்.

இரண்டாவது விடை, நேரடி வழிகாட்டல். காரில் வழி காட்டும் வரைபடம் போல, டிரில் எலும்பில் எங்கே இருக்கிறது என்பதைக் கேமராக்கள் பின்தொடர்ந்து திரையில் காட்டும். திட்டத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் டிரில்லைத் தாங்குவது கைதான். திரை எச்சரித்தாலும் கை நடுங்கினால் நடுங்கியதுதான்.

மறுக்கத் தெரிந்த கை

இந்த இடைவெளியை நிரப்ப முன்வந்தவர்களில் ஒருவர் அலோன் மோசஸ். மூட்டு மாற்று அறுவைக்கான ரோபோ கையை உருவாக்கிய புளோரிடாவின் மேக்கோ நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அங்கே ரோபோ கையும் மருத்துவரும் ஒரே கருவியைச் சேர்ந்து பிடிக்கிறார்கள். எலும்பின் குறித்த எல்லைக்குள் மருத்துவர் சுதந்திரமாகச் செதுக்கலாம், எல்லையைத் தொட்டதும் ரோபோ தடுக்கும். முழங்காலில் முடிந்தது தாடையில் ஏன் முடியாது என்ற கேள்வியோடு 2009ல் அவரும் ஹுவான் சால்செடோவும் மயாமியில் நியோசிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய யோமி என்ற ரோபோவுக்கு 2016 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. பல் அறுவைக்காக அங்கே அனுமதி பெற்ற முதல் ரோபோ அது.

அறுவை நாளில் நடப்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். மரத்துப்போக ஊசி போட்ட பின், நோயாளியின் உறுதியான பற்கள்மேல் ஒரு கவ்வி பொருத்தப்படும். பற்களே இல்லாதவருக்கு அதை எலும்பிலேயே சிறு திருகுகளால் பிடிக்க வைப்பார்கள். கவ்வியில், ஸ்கேன் படத்தில் பளிச்சென்று தெரியும் சிறு அடையாளப் புள்ளிகளை இணைத்து ஸ்கேன் எடுப்பார்கள். அந்தப் புள்ளிகள் படத்திலும் இருக்கின்றன, வாயிலும் இருக்கின்றன. இரண்டையும் பொருத்திப் பார்த்து, திரையில் இருக்கும் தாடையும் நாற்காலியில் இருக்கும் தாடையும் ஒன்றே என்று கம்ப்யூட்டர் அறிந்துகொள்கிறது. ரோபோ அறுவையின் உயிர்நாடி இந்தப் பொருத்தம்தான்.

நோயாளி மயக்கத்தில் இல்லை. மூச்சு விடுவார், எச்சில் விழுங்குவார், தலையை அசைப்பார். அதனால் கவ்வியிலிருந்து மெலிதான இணைப்புக் கை ஒன்று ரோபோவோடு சேர்கிறது. அதன் மூட்டுகளில் உள்ள உணரிகள் தாடையின் ஒவ்வொரு அசைவையும் உடனுக்குடன் சொல்ல, ரோபோ அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. சீன ரோபோக்களில் பெரும்பாலும் இந்த வேலையைக் கேமராக்கள் செய்கின்றன.

டிரில்லின் கைப்பிடியை மருத்துவர் பிடித்திருப்பார். அதே கைப்பிடியை ரோபோவும் தாங்கியிருக்கும். வாய்க்கு வெளியே கருவி இலகுவாக எங்கும் போகும். திட்டமிட்ட இடத்தை நெருங்கியதும் ரோபோ கருவியைச் சரியான கோணத்துக்குக் கொண்டுவந்து இறுக்கிக்கொள்ளும். அதன்பின் மருத்துவரால் அந்த ஒரே அச்சில்தான் கீழே இறக்க முடியும். பக்கவாட்டில் அழுத்தினால் கைக்கு எதிர்ப்புத் தெரியும், கருவி நகராது. குறித்த ஆழத்தை எட்டியதும் அதற்கு மேல் இறங்காது. எவ்வளவு அழுத்துவது, எப்போது நிறுத்துவது, எப்போது வெளியே எடுத்து நீரால் குளிர்விப்பது என்பவை மருத்துவரின் கையில் இருக்கின்றன. தவறான திசையில் போக மறுப்பது ரோபோவின் பங்கு.

ஷியானில் நடந்தது

இன்னொரு பாதையைச் சீனா எடுத்தது. 2017 செப்டம்பரில் ஷியான் நகரில் ஒரு பெண்ணின் தாடையில் இரண்டு இம்பிளான்டுகளை ரோபோவே பதித்தது. நான்காம் ராணுவ மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவமனையைச் சேர்ந்த ஜாவோ யிமின் குழுவும் பெய்ஹாங் பல்கலைக்கழகத்தின் ரோபோ ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கியது அது. முன்னேற்பாடுகளை மனிதர்கள் செய்தார்கள். அறுவை நடந்த சுமார் ஒரு மணி நேரமும் மருத்துவர்கள் பக்கத்தில் நின்று கண்காணித்தார்கள். டிரில்லை யாரும் தொடவில்லை. பிழை 0.2 முதல் 0.3 மி.மீ. என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

பல் இழந்தோர் எண்ணிக்கைக்கு ஏற்பத் தேர்ந்த மருத்துவர்கள் இல்லை என்பதே இந்த முயற்சிக்கு அங்கே சொல்லப்பட்ட காரணம். 2021 முதல் சீன அரசின் அனுமதியோடு உள்நாட்டு ரோபோக்கள் சந்தைக்கு வரத் தொடங்கின. இன்று இந்தத் துறையின் ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதி சீன மருத்துவமனைகளிலிருந்தே வருகிறது. அங்கேயும் மருத்துவர் அறையை விட்டு வெளியேறிவிடவில்லை. அவசர நிறுத்தப் பொத்தான் கையெட்டும் தூரத்தில் இருக்கும். டிரில்களை மாற்றுவது, ஈறைத் திறப்பது, தைப்பது எல்லாம் மனிதக் கைகளின் வேலை.

எண்கள் சொல்வது

துல்லியத்தை அளக்கும் முறை எளிமையானது. அறுவை முடிந்ததும் மறுபடி ஸ்கேன் எடுத்து, முன்பு போட்ட திட்டத்தின்மேல் அதை வைத்துப் பார்ப்பார்கள். தொடக்கப் புள்ளி எவ்வளவு விலகியது, அடிநுனி எவ்வளவு விலகியது, கோணம் எவ்வளவு சாய்ந்தது என்ற மூன்று எண்கள் கிடைக்கும்.

பற்கள் முழுவதும் இழந்த ஐந்து பேருக்கு யோமி உதவியுடன் 38 இம்பிளான்டுகள் பதித்த ஆய்வில் தொடக்கத்தில் சராசரியாக 1.04 மி.மீ., அடிநுனியில் 0.95 மி.மீ., கோணத்தில் 2.56 டிகிரி விலகல் இருந்தது. பல் ஒன்றுகூட இல்லாத தாடையில் கவ்வியைப் பிடிக்க வைப்பதே கடினம் என்பதால் இது குறிப்பிடத்தக்கது. பின்னர் வந்த பல ரோபோ ஆய்வுகளில் விலகல் ஒரு மி.மீ.க்கும் குறைவு, கோணம் 2 டிகிரிக்கு உள்ளே. வெறும் கையின் 7 டிகிரி, தகட்டின் 3.5 டிகிரி ஆகியவற்றோடு வைத்துப் பார்த்தால் ரோபோ முன்னால் நிற்பதில் ஐயமில்லை.

ஆனால் நோயாளிக்கு முக்கியமான கேள்வி வேறு: இம்பிளான்ட் நெடுநாள் நிலைக்குமா? நல்ல மருத்துவர் கையால் பதித்த இம்பிளான்டுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பத்தாண்டு கழித்தும் நிலைத்திருக்கின்றன. இவ்வளவு உயரத்தில் இருக்கும் வெற்றியை ரோபோ இன்னும் உயர்த்தியது என்று நிரூபிக்க, ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டு பின்தொடர வேண்டும். ரோபோவின் வயது அதற்குப் போதாது. இன்றைக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: திட்டமிட்ட இடத்தில் பதிப்பதில் அது மேல்.

திட்டமே தவறானால்

ரோபோ திட்டத்தை நிறைவேற்றும். திட்டம் சரியா என்று கேட்காது. தவறான இடத்தைக் குறித்துக் கொடுத்தால் அந்தத் தவறான இடத்திலேயே துல்லியமாகப் பதிக்கும். கவ்வி இம்மியளவு நழுவினால், ஸ்கேன் எடுக்கும்போது நோயாளி அசைந்திருந்தால், வாய்க்கும் படத்துக்கும் உள்ள பொருத்தமே பிசகும். அப்போது திரையில் எல்லாம் சரியாகவே தோன்றும். அதனால்தான் தேர்ந்த மருத்துவர்கள் டிரில்லைத் தொடங்குமுன் அதன் நுனியைப் பக்கத்துப் பல்லின் முனையில் வைத்து, திரையிலும் அதே முனையைத் தொடுகிறதா என்று சோதிக்கிறார்கள். சில விநாடிகளே பிடிக்கும் இந்தச் சோதனையைத் தவிர்ப்பதற்கு எந்த அவசரமும் காரணமாகாது.

உடலின் பங்கும் பெரிது. பல் பிடுங்கிய ஓராண்டுக்குள் அந்த இடத்து எலும்பின் அகலம் பாதியாகக் குறையலாம். எலும்பே இல்லாத இடத்தில் ரோபோவுக்கு வேலை இல்லை. முதலில் எலும்பு ஒட்டி வளர்க்க வேண்டும். பதித்த பின் எலும்பு டைட்டானியத்தைப் பற்றிக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். அந்தப் பிடிப்பைப் புகைபிடிக்கும் பழக்கம் கெடுக்கும், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை கெடுக்கும். இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, சென்னையில் உள்ள நீரிழிவு ஆய்வு அறக்கட்டளை முன்னின்று நடத்திய தேசிய ஆய்வு 2023ல் தெரிவித்தது. நம் ஊரில் இம்பிளான்ட் நாற்காலியில் உட்காருபவர்களில் பலருக்கு டிரில்லின் கோணத்தைப் போலவே சர்க்கரை அளவும் விதியைத் தீர்மானிக்கும்.

செலவும் உண்டு. ரோபோவின் விலை அதிகம். ஒவ்வொரு நோயாளிக்கும் கவ்வி, கூடுதல் ஸ்கேன், பொருத்திப் பார்க்கும் நேரம் தேவை. எலும்பு போதுமானதாகவும் நரம்பு எட்டாத தூரத்திலும் இருந்தால், ஒரே ஒரு பல்லுக்கு அனுபவமுள்ள மருத்துவரின் கையே போதும். தாடை முழுவதும் இம்பிளான்ட் வைக்கும்போது, நரம்பை ஒட்டி வேலை செய்யும்போது, மெல்லிய எலும்புள்ள முன்பல் இடத்தில் பதிக்கும்போது ரோபோவின் உதவி பெறுமானமுள்ளது. ஈறைக் கிழிக்காமல் சிறு துளை வழியாகவே பதிக்கும் துணிவையும் அது தருகிறது. வீக்கமும் வலியும் அதனால் குறையும். அனுபவம் குறைந்த இளம் மருத்துவர் பதித்தாலும் கை வழுக்காது என்பது நோயாளிக்குக் கிடைக்கும் பெரிய பாதுகாப்பு.

ஆகவே இம்பிளான்ட் வைத்துக்கொள்ளப் போகிறவர் ரோபோ இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை சில. முப்பரிமாண ஸ்கேன் எடுத்தீர்களா? நரம்புக்கும் சைனஸுக்கும் எத்தனை மி.மீ. இடைவெளி விடுகிறீர்கள்? மேலே வரப்போகும் பல்லின் வடிவத்தை முடிவு செய்த பிறகு திருகின் இடத்தைக் குறித்தீர்களா, அல்லது எலும்பு இருக்கும் இடத்தில் வைத்துவிட்டுப் பல்லைச் சரிக்கட்டப் போகிறீர்களா? என் சர்க்கரை அளவு இதற்கு ஏற்றதா? ரோபோ பாதியில் நின்றால் கையால் முடிக்கும் பயிற்சி உங்களுக்கு உண்டா? திட்டத்தைத் திரையில் காட்டி இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் மருத்துவரிடம் ரோபோவும் இருந்தால், அதை நம்பி வாயைத் திறக்கலாம். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த ரோபோ நின்றாலும், வேறு மருத்துவரிடம் இன்னொரு முறை கருத்துக் கேட்பதே நல்லது. ஒருமுறை எலும்போடு ஒட்டிவிட்ட இம்பிளான்டை இடம் மாற்ற எந்த ரோபோவாலும் முடியாது.